ஐந்தாவது கால்

அலுவலகத்தில் எல்லாருக்கும் அவள் 'டிரேசிங் அக்கா'. பாறை ஓவியங்களைப் பிரதி எடுப்பதுதான் முப்பது வருட வேலை. பாறைமேல் பிளாஸ்டிக் தாளை விரித்து, கோட்டின் மேலேயே கோடு போடுவாள். பிறகு மேசையில் வைத்து மையால் தீட்டுவாள். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் போட வேண்டும், மூளைக்குத் தெரிந்ததைப் போடக் கூடாது. அந்த வேலைக்கு வேதமே அதுதான்.

அப்படிப்பட்டவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு காரியம் செய்தாள். ஓடும் மான் ஒன்றைப் பிரதி எடுத்து வந்து மேசையில் விரித்தால், ஐந்து கால்! "மானுக்கு ஏது அஞ்சு கால்? கை தவறியிருக்கும்" என்று தன்னையே திட்டிக்கொண்டு, ஒரு காலை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட்டாள். மறுபடி மலையேறிப் பார்க்கச் சோம்பல். அடுத்த மழைக்கே பாறை சரிந்து, ஓவியம் மண்ணோடு மண்ணாகப் போனது. எடுத்திருந்த புகைப்படத்திலும் கால் பக்கம் ஒரே நிழல். மிஞ்சியது அவள் பிரதி மட்டுந்தான்.

இப்போது அலுவலக அதிகாரி பாறை ஓவியக் கலையின் வரலாறு எழுதியிருக்கிறார். அச்சுக்குப் போகுமுன் சரிபார்க்கத் தாள்கள் அவளிடம் வந்தன. முதல் அத்தியாயத்திலேயே தூக்கிவாரிப் போட்டது. வேறு மலைகளில் ஓட்டத்தைக் காட்டக் கூடுதல் கால் வரைந்தார்களாம். இந்த மலைக்காரனுக்கு மட்டும் அந்த யுக்தி தெரியவில்லையாம். அதற்கு ஆதாரம், அவளுடைய மான்.

அடக் கடவுளே! கெட்டிக்காரனை முட்டாளாக்கியது அவளல்லவா? வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னாள்.

"வாயை மூடிக்கிட்டு இரு. ரெண்டு மாசத்துல ரிட்டயர் ஆகப்போற. யாருக்குத் தெரியப்போகுது?"

"வரைஞ்சவனுக்குத் தெரியுமே."

"அவன் செத்து எத்தனை ஆயிரம் வருஷம் ஆச்சு! எழுந்து வந்து கேக்கப்போறானா?"

"வரமாட்டான். அதனாலதாங்க நான் சொல்லணும்."

மறுநாள் அதிகாரியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். மனிதருக்கு முகம் சிவந்துவிட்டது. பிரதியை அவள் முன் வைத்துப் பேனாவை நீட்டினார்.

"சரிக்கா, அந்தக் காலைப் போட்டுக் குடுத்துடுங்க."

"எந்த இடம்னு ஞாபகமில்ல சார். குத்துமதிப்பாப் போட்டா அது அவன் வரைஞ்சது இல்ல, நான் வரைஞ்சது."

அவர் தம்முடைய வரியை அடித்தார். படத்தின் கீழே அவளையே எழுதச் சொன்னார்.

புத்தகம் வந்தது. அந்த அலுவலகம் போட்ட எந்தப் புத்தகத்திலும் பிரதி எடுப்பவர் பெயர் வந்ததே கிடையாது. இதில் வந்திருந்தது. 'மூலத்தில் ஐந்து கால்கள் இருந்தன. ஒன்றை அழித்தவள் நான்.' அதன் கீழே அவள் முழுப் பெயர்.

கணவருக்குக் கண் கலங்கிவிட்டது. "பேர் வர்றதுன்னா இப்படியா வரணும்?"

"விடுங்க" என்றாள் அவள். "வரைஞ்சவனுக்கு அதுகூட இல்லையே."