ஷப்லி புட்டியும் என் மூக்கும்

போன வருஷம் வந்த காய்ச்சல் போகும்போது என் மூக்கின் மோப்பத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. மலைமேல் ஆனைக்கரையில் ஏலக்காய் பயிர் செய்கிறவனுக்கு இது சின்ன விஷயமில்லை. காய்ந்த காயை அள்ளி முகர்ந்தே உலர்த்தும்போது சூடு கூடிப்போனதா என்று சொல்லிவிடுவேன். இப்போது கம்பம்மெட்டு வியாபாரி முகர்ந்து பார்க்கச் சொல்லி ஒரு கை காயை நீட்டினால் தலையை ஆட்டிவிட்டு வருகிறேன். திரும்பி வரும், பொறுங்கள் என்றார் டாக்டர். வராமலே போய்விடுமோ என்று எனக்குப் பயம். அதை வெளியே சொல்லாமல் வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

இந்த லட்சணத்தில், பிரான்சில் வேலை பார்க்கும் மகள் கிறிஸ்துமசுக்கு வந்தபோது ஷப்லி என்ற வெள்ளை ஒயின் ஒரு புட்டி கொண்டுவந்தாள். எங்கள் வீட்டில் ஒயின் என்றால் கம்பத்துப் பன்னீர் திராட்சையோடு சீனியும் கிராம்பும் சேர்த்து மனைவி ஜாடியில் போடுவதுதான். கறுப்பாக, தித்திப்பாக இருக்கும். இதுவோ வைக்கோல் ஊறிய தண்ணீர் நிறத்தில் இருந்தது.

“இதுக்கு வாசந்தாம்ப்பா முக்கியம்” என்றாள் மகள். எனக்கு முகம் சுண்டிவிட்டது. ஊருக்கெல்லாம் விருந்து, எனக்கு மட்டும் பத்தியம்.

ஜில்லென்று வைக்கச் சொன்னாள். ஜில்லென்றால் எனக்குத் தெரிந்தது ஃப்ரீசர்தான். காலையில் கிறிஸ்துமஸ் பூசைக்குக் கிளம்பும்முன் மீனுக்குப் பக்கத்தில் படுக்கவைத்தேன். மத்தியானம் எடுத்தபோது புட்டி முழுக்கப் பனி பூத்திருந்தது.

மனைவியின் அண்ணன் முதலில் கிளாசுக்குள் மூக்கை விட்டார்.

“ஒரு வாசமும் வரலியே மாப்ள.”

“பச்சத்தண்ணி மாதிரில்ல இருக்கு” என்றாள் மனைவி. மகளும் முகர்ந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. குடும்பமே என் கட்சிக்கு வந்துவிட்டது.

மகள் புட்டியைத் தொட்டுப் பார்த்தாள். “யாரு ஃப்ரீசர்ல வச்சது? இப்படி வெறச்சுப் போனா வாசம் எங்கருந்து வரும்? கொஞ்ச நேரம் கிளாசக் கைக்குள்ள பிடிச்சிருங்க.”

என் கட்சி கலையப்போகிறது என்று நினைத்துக்கொண்டே பிடித்திருந்தேன். சோறும் மீன் குழம்பும் வந்தன. மச்சான் மிளகு விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அதைக் கேட்டபடி கிளாசை வாயருகே கொண்டுபோனேன்.

ஏதோ வந்தது. எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறினாற்போல. மூச்சை விட்டுவிட்டு, போய்விடுமோ என்று பயந்து பயந்து மறுபடி இழுத்தேன். போகவில்லை. அதற்கடியில் இன்னொன்றும் இருந்தது.

“எலுமிச்சந்தோலு. அப்புறம் கல்லு. ஓடையில கல்லப் பெரட்டுனா வருமே, அது.”

மகள் தன் கிளாசை முகர்ந்தாள். “அதேதாம்ப்பா” என்றாள்.

ஒரு வாய் குடித்தேன். தித்திப்பு துளியும் இல்லை. புளிப்பு நாக்கின் ஓரத்தைக் கிள்ளியது. விழுங்கிய பிறகும் வெகுநேரம் லேசாக உப்புக் கரித்தது. அப்படி ஒன்றை நான் அதுவரை குடித்ததில்லை. அழுகை வந்தது, அழுதேன். மச்சான் மிளகை விட்டுவிட்டுக் கூரையைப் பார்த்தார்.

“அப்ப இனிமே எங்கொழம்புல கொற கண்டுபிடிக்க ஆரம்பிச்சிருவீங்க” என்று மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டியை என் பக்கம் நகர்த்தினாள்.

குனிந்து முகர்ந்தேன். “வெந்தயம் கருகிருச்சு.”

“ஒரு வருசமா அப்படித்தான் கருகுது” என்றாள் அவள், சிரிப்பை அடக்க முடியாமல்.