ஓரிஸ் டிட்மோரின் கார்க் ஸ்பூல்

ஓரிஸ் டிட்மோர் குடிக்கிறார் என்ற பேச்சு பெல்வெதர் ஊரில் கிளம்பியபோது அவர் அதை மறுக்கவில்லை. மறுத்திருந்தால் தன்னுடைய தூண்டில் ரீலைப் பற்றிச் சொல்ல வேண்டி வந்திருக்கும்.

பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிற மனிதர், பாப்டிஸ்ட் சபையில் டீக்கன். இஞ்சி போட்ட சோடாவைக்கூட சந்தேகத்தோடு முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். அலபாமாவில் அந்த மாவட்டம் முழுக்கவே மதுவிலக்கு வேறு. அவருக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம், வருஷா வருஷம் சபைப் பிக்னிக்கில் நடக்கும் தூண்டில் எறியும் போட்டியில் மச்சான் டெல்பர்ட்டிடம் தோற்பது.

போட்டி ஏரியில் நடக்காது, பள்ளியின் கால்பந்து மைதானத்தில் நடக்கும். முள் இல்லாத மரக்கட்டை மீன் ஒன்றை நூலில் கட்டி எறிய வேண்டும், யாருடையது தூரம் போகிறதோ அவருக்குக் கோப்பை. டிராக்டர் வியாபாரி டெல்பர்ட் கிரம்ப் அந்தக் கோப்பையைத் தொடர்ந்து வாங்கி, கடை ஜன்னலில் உரச் சாக்குகளுக்கு மேலே அடுக்கிவைத்திருந்தார். ஓரிஸுக்கோ ஒவ்வொரு வருஷமும் நூல் சிக்கி, ரீலுக்குள் ஒரு குருவிக்கூடு உண்டாகிவிடும்.

"என்ன மாப்பிள்ளை, இந்தத் தடவை முட்டை எத்தனை?" என்பார் டெல்பர்ட். போன வருஷம் இதை ஒலிபெருக்கியில் கேட்டார்.

அன்றிலிருந்து ஓரிஸ் தன் ரீலைப் பிரித்துப் போட்டுக்கொண்டு கொட்டகையில் உட்கார்ந்தார். மரமீன் பறக்கும்போது அதுதான் நூலை இழுத்து, நூல் சுற்றியிருக்கும் உருளையான ஸ்பூலைச் சுழற்றுகிறது. ஸ்பூல் கனமாக இருந்தால் சுலபத்தில் கிளம்பாது, கிளம்பிவிட்டாலோ நிற்காது. மீன் காற்றில் களைத்துப்போன பிறகும் ஸ்பூல் பாட்டுக்குச் சுற்றி நூலைக் கக்கும். அதுதான் குருவிக்கூடு. கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தால் கூடு கட்டாது, ஆனால் தூரமும் போகாது. டெல்பர்ட்டின் கைத்திறனைவிட அவருடைய ஜப்பான் ரீலில் இருந்த மெல்லிய ஸ்பூல்தான் கோப்பை வாங்குகிறது என்று ஓரிஸுக்குப் பட்டது. அப்படிப் பட்டதில் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது.

ஸ்பூலின் இரண்டு பக்கத் தட்டுகளிலும் சல்லடைபோல ஓட்டை போட்டார். கனம் குறைந்தது, போதவில்லை. மிச்சக் கனமெல்லாம் நூலில் இருந்தது. நூலைக் குறைத்தாலும் வம்பு: ஸ்பூல் விளிம்புவரை நிறைந்திருந்தால் ஒரு சுற்றுக்கு நிறைய நூல் கழலும், அடியில் கொஞ்சமாகக் கிடந்தால் அதே நூலுக்கு ஸ்பூல் இரண்டு மடங்கு சுற்றியாக வேண்டும். பார்க்க நிறைந்திருக்க வேண்டும், கனமும் இருக்கக் கூடாது. ஒரு நாள் பேருந்தை ரிவர்ஸ் எடுக்கும்போது பதில் தோன்றியது. அடியில் கார்க்கைச் சுற்றி வைத்து, அதன்மேல் கொஞ்சம் நூலைச் சுற்றினால்? அந்தச் சந்தோஷத்தில் பள்ளியின் கொடிக்கம்பத்தை லேசாக இடித்தார்.

நல்ல கார்க்குக்கு எங்கே போவது? மருந்துக் கடையில் எல்லாம் பிளாஸ்டிக் மூடி. மதுவிலக்கு ஊரில் ஒயின் பாட்டில் ஏது? ஒரு சனிக்கிழமை தொப்பியைக் கண்வரை இறக்கிக்கொண்டு மாவட்ட எல்லையைத் தாண்டிப்போனார். அங்கிருந்த மதுக்கடைக்காரர் கார்க்கைத் தனியாக விற்க மாட்டேன் என்றுவிட்டார். டீக்கன் ஓரிஸ் தன் ஆயுளில் முதல் ஒயின் பாட்டிலை வாங்கினார். திரும்பி வரும் வழியில் வண்டியை ஓரம் கட்டி, திருகாணியும் குறடும் வைத்துக் கார்க்கைப் பிடுங்கி, பத்திரமாகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பாட்டிலைச் சாலையோரப் பள்ளத்தில் கவிழ்த்தார். அந்த நேரம் பார்த்து சபைப் பாடகர் குழுவை நடத்தும் யூலா ஸ்ப்ரோல்ஸ் அம்மாள் காரில் கடந்து போனார். கையைக்கூட அசைத்தார்.

சாயங்காலத்துக்குள் ஊர் இரண்டு கட்சியாகிவிட்டது. ஓரிஸ் பல வருஷமாக ரகசியக் குடிகாரர் என்றது ஒரு கட்சி. பழக்கத்தை விடுவதற்காகத்தான் பாட்டிலைக் கவிழ்த்தார், பாவம் என்றது இன்னொன்று. குடிக்கவே இல்லை என்று சொல்ல ஒரு ஆளும் இல்லை.

மனைவி விலோடீனிடம் மட்டும் ஓரிஸ் உண்மையைச் சொன்னார். அவள் கார்க்கைக் கையில் வைத்துப் புரட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, எங்க அண்ணனை ஜெயிக்கிறதுக்காகக் குடிகாரன்னு பேர் வாங்கிக்கிட்டுத் திரியப் போறீங்களா?"

"போட்டி முடியிற வரைக்கும்தான். இப்ப சொன்னா அவனும் கார்க் வாங்கிடுவான்."

விலோடீன் யோசித்தாள். அண்ணன் ஒலிபெருக்கியில் பேசியது அவளுக்கும் ஞாபகம் இருந்தது. கார்க்கைச் சீவ நல்ல கத்தி வேண்டும் என்று சொல்லி, சமையலறையிலிருந்து எடுத்துவந்து கொடுத்தாள்.

அடுத்த ஞாயிறு பாஸ்டர் விசனன்ட், இருளிலிருந்து மீண்ட ஒரு சகோதரர் சாட்சி சொல்வார் என்று அறிவித்து ஓரிஸைக் கை காட்டினார். ஓரிஸ் எழுந்தார். இரண்டாவது வரிசையில் டெல்பர்ட் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோயிலில் நின்றுகொண்டு பொய் சொல்லவும் முடியாது, உண்மை சொல்லவும் முடியாது.

"நான் கொட்டிட்டேன். ஒரு சொட்டுகூட வாயில வைக்கலை." அவ்வளவுதான் சொன்னார்.

சபை முழுக்க ஆமென் என்றது. யூலா அம்மாள் கைக்குட்டை நனைய அழுதார்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. அன்று சாயங்காலம் பீட் ஹார்கிஸ் கொட்டகை வாசலில் வந்து நின்றார். ஏரியில் படகு பழுதுபார்ப்பவர், நிஜமாகவே குடிப்பவர். தொப்பியைக் கழற்றிக் கையில் உருட்டிக்கொண்டே, எப்படி விட்டீர்கள் என்று கேட்டார். கையில் ஏதாவது நுணுக்கமான வேலை இருந்தால் நல்லது என்று ஓரிஸ் வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தார்.

"என் கையில என்ன வேலை இருக்கு? வாங்குறவன் எல்லாம் புதுப் படகுதான் வாங்குறான்," என்றார் பீட்.

வேறு வழியில்லாமல் ஓரிஸ் அவரிடம் கார்க்கையும் கத்தியையும் நீட்டினார். எதற்கு என்று பீட் கேட்கவில்லை. அன்றிலிருந்து தினமும் வந்தார். இரண்டு பேரும் கார்க்கை வளையமாகச் சீவி, ஒட்டி, உப்புத்தாளால் தேய்த்தார்கள். பீட்டின் கை முதலில் நடுங்கியது, இரண்டு வளையங்கள் உடைந்தன. ஓரிஸ் தொப்பியை இறக்கிக்கொண்டு மறுபடி எல்லை தாண்டிப்போய் வந்தார். பிறகு கை நடுங்குவது குறைந்தது. ஓரிஸின் வளையத்தைவிடப் பீட்டின் வளையம் வட்டமாக வந்தது.

கடைசியில் ஒரு சின்ன விவகாரம் மிச்சம் இருந்தது. நூலின் நுனியை ஸ்பூலில் முடிச்சுப் போட்டுக் கட்ட வேண்டும். ஒரு பக்கம் முடிச்சு இருந்தால் வேகத்தில் ஸ்பூல் ஆடும் என்றார் ஓரிஸ். முடிச்சுக்குப் பதிலாக ஒட்டும் டேப்பில் ஒரு துண்டை ஒட்டி, அதோடு விட்டுவிட்டார். விலோடீன் அதைப் பார்த்துவிட்டு, நூல் முழுக்க ஓடிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டாள். அவ்வளவு தூரம் நான் என்றைக்கு எறிந்திருக்கிறேன் என்றார் ஓரிஸ். நியாயமான பதிலாகத்தான் இருந்தது.

பிக்னிக் அன்று வறுத்த கெளுத்தி மீனும் சோளமாவு உருண்டையும் தின்றுவிட்டு ஊரே மைதானத்தில் கூடியது. டெல்பர்ட் எறிந்தது எதிர்ப்பக்கக் கோல் கம்பத்துக்குக் கொஞ்சம் முன்னால் விழுந்தது. அவர் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்துக்கொண்டு ஓரிஸுக்கு வழி விட்டார்.

ஓரிஸ் தூண்டில் கழியைப் பின்னால் சாய்த்து வீசினார். ஸ்பூல் இதுவரை யாரும் கேட்காத ஒரு சத்தம் போட்டது, கொசு பாடுவதுபோல மெல்லிய சத்தம். குருவிக்கூடு கட்டவில்லை. கட்டைவிரலுக்கு வேலையே இல்லை. மரமீன் ஏறியது, ஏறிக்கொண்டே போனது, கோல் கம்பத்தையும் தாண்டியது. ஓரிஸ் சந்தோஷத்தில் வாயைத் திறந்தார். அப்போது டக்கென்று ஒரு சின்னச் சத்தம். டேப் பிய்ந்தது. நூலின் வால் தூண்டில் கழியின் வளையங்கள் வழியாக வழுக்கி, வானத்தில் ஒரு நெளி நெளிந்து, மீனோடு போய்விட்டது. தூரத்தில் பள்ளியின் வாத்திய அறைத் தகரக் கூரையில் டமார் என்று கேட்டது.

மீனுக்கும் ரீலுக்கும் நடுவே நூல் அறுபடாமல் இருந்தால்தான் கணக்கு என்று பாஸ்டர் வருத்தத்தோடு சொன்னார். கோப்பை மறுபடி டெல்பர்ட்டுக்கே. ஆனால் டெல்பர்ட் கோப்பையைப் பார்க்கவில்லை, ஓரிஸின் ரீலைப் பிடுங்கி உள்ளே பார்த்தார். நூல் முழுக்கப் போய், ஸ்பூல் அம்மணமாக இருந்தது.

"மாப்பிள்ளை, இது என்ன?"

"கார்க், மச்சான்."

டெல்பர்ட் கையில் ஒலிபெருக்கி இருந்ததால் அது ஊருக்கே கேட்டது. யூலா அம்மாள் பள்ளத்தில் கவிழ்ந்த பாட்டிலை நினைத்துப் பார்ப்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"அப்ப நீங்க குடிக்கவே இல்லையா?" என்றார் பாஸ்டர்.

"அதைத்தானே ஐயா சாட்சியில சொன்னேன்."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. ஓரிஸ் சிரிக்கவில்லை. அவர் கண் பீட்டைத் தேடியது. தன்னை நம்பி ஒரு மனுஷன் பாட்டிலை விட்டிருக்கிறான், இப்போது அது போலி என்று தெரிந்துவிட்டது. பீட் வேலியோரம் எலுமிச்சைச் சாறு குடித்துக்கொண்டு நின்றார். ஓரிஸ் அருகே போய் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார்.

"எனக்கு முதல் நாளே தெரியும்," என்றார் பீட். "குடிச்சவன் எவனும் கார்க்கைக் குறடு வச்சுப் பிடுங்க மாட்டான். குறட்டோட பல் தடம் அப்படியே இருந்துச்சு."

"பின்னே ஏன் வந்தீங்க?"

"வேலை நல்லா இருந்துச்சு. வளையம் பாதியில நின்னா மனசு கேட்கலை. சரி, அந்த மீன் கூரையில கிடக்கு. எடுக்கப் போறோமா இல்லையா?"

ஏணி கொண்டுவந்தார்கள். பீட் கூரை மேல் ஏறி மரமீனைக் கண்டுபிடித்தார். அளக்கும் டேப்பின் ஒரு நுனியை விலோடீன் எறிகோட்டில் மிதித்துக்கொண்டு நின்றாள். ஓரிஸ் மறுநுனியைப் பிடித்துக்கொண்டு மைதானத்தின் குறுக்கே ஓடினார். கோப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்ட டெல்பர்ட், தகரத்தில் உருண்ட தூரத்தைக் கழித்தே ஆக வேண்டும் என்று ஒலிபெருக்கியில் வாதாடியபடி அவர் பின்னாலேயே போனார்.