அருவிக்குப் போன வண்டியை மறித்த டீச்சர்

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டது என்று கேள்விப்பட்டதும் 1962 ஜூலையில் நானும் மனைவி கமலாவும் மதுரையிலிருந்து ரயில் ஏறினோம். இப்போது காரில் பறப்பவர்களுக்காக அந்தப் பயணத்தை எழுதுகிறேன். காலை ஏழு மணிக்குத் தென்காசியில் இறங்கி, இட்லி சாப்பிட்டு, குதிரை வண்டி பிடித்தோம். அருவிக்கு மூன்று மைல், வண்டிச் சத்தம் ஒரு ரூபாய். பேரம் பேசிப் பார்த்தேன், பலிக்கவில்லை.

வண்டிக்காரர் சுடலைமுத்துவின் பக்கத்தில் அவர் மகள் பேச்சி உட்கார்ந்திருந்தாள். ஐந்தாம் வகுப்பு தேறியவள். அருவியில் பெண்கள் குளிக்கும் பக்கம் துணிமணிக்குக் காவல் இருப்பது அவள் வேலை. பள்ளிக்கூடம் திறக்கிற ஜூனில்தானே சீசனும் தொடங்குகிறது!

பாதி வழியில் ஒரு டீச்சர் நடுரோட்டில் நின்று வண்டியை மறித்தார். ஆறாம் வகுப்பில் பெயர் சேர்த்தும் பேச்சி ஒருநாள்கூட வரவில்லையாம். சீசன் முடியட்டும் என்றார் சுடலைமுத்து. அதற்குள் காலாண்டுப் பரீட்சையே முடிந்துவிடும் என்றார் டீச்சர். பேச்சி குதிரையின் வாலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சும்மா இருக்காமல், கட்டாயக் கல்விக்குச் சட்டம் இருக்கிறதே, அபராதம் போடலாமே என்று மூக்கை நுழைத்தேன்.

"சட்டம் அஞ்சாங்கிளாஸோட நின்னுருது சார். அதுக்கு மேல நாந்தான் நடக்கணும்" என்றவர், வண்டிக்காரரிடம் திரும்பினார். "அண்ணாச்சி, இந்த வருசம் விட்டா இவ பொறவு வரவே மாட்டா. நெறையப் பேரப் பாத்துட்டேன்."

சுடலைமுத்து கடிவாளத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, "ஏட்டி, எறங்கு" என்றார். சொல்லி முடிக்குமுன் அவள் குதித்துவிட்டாள். பள்ளி மணி அடிக்குமுன் அந்த டீச்சர் தினமும் இப்படித் தெருத்தெருவாக நடக்கிறாராம், யாரும் சொல்லாமலே.

மகளின் வேலையைத் தானே பார்க்கலாம் என்று சுடலைமுத்து அருவிக்கரையில் போய் நின்றார் பாருங்கள், அங்கேதான் வேடிக்கை. பொம்பளைகள் குளிக்கிற இடத்தில் உனக்கென்ன வேலை என்று ஆச்சிகள் விரட்டிவிட்டார்கள். அன்றைய காசு போயிற்று. நாளைக்கும் இவர் மகளைப் பள்ளிக்கு விடுவாரா என்று கமலாவுக்குக் கவலை. அருவி மலையையே பெயர்ப்பதுபோலக் கொட்டியும் எங்கள் பேச்செல்லாம் அதுதான்.

திரும்பும்போது சுடலைமுத்து தானாகவே பள்ளிக்கூடத்தின் முன் வண்டியை நிறுத்தினார். மதியச் சாப்பாட்டுக்குப் பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருக்க, டீச்சர் குனிந்து சோறு போட்டுக்கொண்டிருந்தார். நடுவில் பேச்சி. சுடலைமுத்து வண்டியிலிருந்தே எட்டிப் பார்த்தார்.

"எங்க குடும்பத்துல ஆறாங்கிளாஸ் வாசல மிதிச்சது இவதான் மொத. நாளைக்கு அருவிக்கு இவ அம்மையக் கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

எத்தனையோ அருவி பார்த்துவிட்டேன். அந்த டீச்சரின் நடையைப் போல என்னை எதுவும் மலைக்க வைத்ததில்லை. நீங்கள் போவதானால் வார நாளாகப் பார்த்துப் போங்கள், கூட்டம் குறைவு. துணியை ஒருவர் மாற்றி ஒருவர் பார்த்துக்கொள்ளுங்கள். காவலுக்குப் பிள்ளைகள் கிடைக்கமாட்டார்கள், அந்நேரம் எல்லாரும் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள்.