தையல்காரியின் பென்டிரைவ்

தெருவுக்கு அவள் தையல்காரி, வீட்டில் அண்ணி. வாசல் அறையில் இரண்டு தையல் மெஷின், ஒரு எம்ப்ராய்டரி மெஷின், அதற்கு டிசைன் போட ஒரு பழைய கம்ப்யூட்டர். அந்தச் சனிக்கிழமை காலையில் கம்ப்யூட்டர் கையை விரித்துவிட்டது. சுவிட்சைப் போட்டால் நீலத் திரை. தானாக அணையும், எழும், மறுபடி நீலத் திரை.

உள்ளே இருந்தது ஒரு பேண்டு வாத்தியக் குழுவின் சின்னம். ஒரு எக்காளம், அதன் இருபுறமும் சிறகு. வாரக்கணக்கில் தையல் தையலாக அவளே போட்டது. வேறெங்கும் நகல் கிடையாது. அந்தச் சின்னம் தைத்த குழுவின் சட்டைகள் திங்கட்கிழமை போட்டிக்குப் போயாக வேண்டும்.

ரிப்பேர் கடைக்காரரைப் போனில் பிடித்தாள். சிஸ்டத்தைப் புதிதாக ஏற்றித் தருவதாகவும், உள்ளே இருப்பதற்குத் தான் பொறுப்பில்லை என்றும் சொன்னார். அதைக் கேட்டு முடங்கி உட்காரும் ரகமில்லை அவள். போனிலேயே தேடினாள். பென்டிரைவிலிருந்தே ஓடும் இலவச சிஸ்டம் ஒன்று உண்டு, பழைய டிஸ்கில் எதையும் அழிக்காமல் அதன் வழியாக உள்ளே எட்டிப் பார்க்கலாம் என்று படித்ததும் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

பென்டிரைவ் தயாரிக்க இன்னொரு கம்ப்யூட்டர் வேண்டும். அது மாடியில், நாத்தனாரிடம். துணி காயப்போடும் கொடிக்கயிறு விஷயத்தில் இருவரும் முகம் கொடுத்துப் பேசி நாளாகியிருந்தது. ரோஷத்தைக் கீழேயே வைத்துவிட்டுப் படியேறினாள்.

விஷயத்தைக் கேட்டதும் நாத்தனார் மறுபேச்சில்லாமல் லேப்டாப்பைத் திறந்தாள். சிஸ்டத்தை இறக்கி, அந்தப் பைலை அப்படியே பென்டிரைவில் காப்பி செய்துகொண்டு இருவரும் கீழே ஓடினார்கள். கம்ப்யூட்டர் அதைச் சட்டையே செய்யவில்லை. திரும்பவும் படித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. பாட்டு ஏற்றுவது போல ஏற்றினால் போதாதாம். கம்ப்யூட்டர் அதிலிருந்தே கண் விழிக்கும்படி, அதற்கென்று உள்ள சின்ன புரோகிராமைக் கொண்டு எழுத வேண்டுமாம்.

மறுபடி மாடி. எழுதத் தொடங்கும் முன், பென்டிரைவில் இருப்பதெல்லாம் அழியும் என்று புரோகிராம் எச்சரித்தது. அதிலிருந்த நாத்தனாரின் சுற்றுலாப் படங்களை முதலில் பத்திரப்படுத்தினார்கள்.

"எதுல எழுதணும்னு சரியாப் பாருங்க அண்ணி," என்றாள் நாத்தனார். "தப்பா என் டிஸ்கைத் தட்டிட்டீங்கன்னா, அப்புறம் நானும் உங்களோட சேந்து நீலத் திரையத்தான் பாத்துட்டு இருக்கணும்."

தையல்காரி பென்டிரைவின் பெயரை வாய்விட்டுப் படித்துவிட்டு அழுத்தினாள். அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குக் காத்திருப்பவர்கள் மாதிரி, லேப்டாப் திரையில் நகரும் பச்சைக் கோட்டை விட்டு இருவரும் கண்ணெடுக்கவில்லை.

கீழே வந்து பென்டிரைவைச் செருகி, சுவிட்சைப் போட்ட கையோடு போனில் படித்தபடி கீபோர்டின் மேல்வரிசைப் பட்டன் ஒன்றைத் தட்டிக்கொண்டே இருந்தாள். எதிலிருந்து தொடங்கட்டும் என்று கம்ப்யூட்டர் கேட்டது. பென்டிரைவைக் காட்டினாள். திரை இருண்டது. வெள்ளை எழுத்துகள் சரசரவென்று ஓடின. பிறகு, அவள் இதுவரை கண்டிராத புத்தம்புதுத் திரை பளிச்சென்று விரிந்தது. இன்ஸ்டால் செய்வதா, முதலில் ஓட்டிப் பார்ப்பதா என்று கேட்டது. ஓட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டு, பழைய டிஸ்கைத் திறந்து, டிசைன்கள் இருந்த போல்டரைத் தேடிப் போனாள்.

"இருக்குடீ," என்றாள். எக்காளச் சின்னத்தின் பைலை விரலால் தொட்டுக் காட்டினாள்.

நாத்தனாரை அவள் 'டீ' போட்டது அதுதான் முதல் தடவை. நாத்தனார் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. அண்ணியின் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள்.

டிசைன்களை எல்லாம் வேறொரு பென்டிரைவில் எடுத்து எம்ப்ராய்டரி மெஷினில் கொடுத்தார்கள். ஊசி படபடவென்று இறங்க, துணியில் எக்காளத்தின் வாய் மெல்ல வட்டமாகி வந்தது. அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் இன்ஸ்டாலை அழுத்தினாள். சாயங்காலத்துக்குள் பழைய கம்ப்யூட்டர் புது சிஸ்டத்தோடு எழுந்து உட்கார்ந்துவிட்டது. ஞாயிறு முழுக்க அவள் தைக்க, நாத்தனார் நூல் வெட்டினாள். சட்டைகள் சொன்னபடி திங்கட்கிழமை போய்ச் சேர்ந்தன.

அடுத்த வாரம், அலுவலகத் தோழியின் செத்துக் கிடந்த லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நாத்தனார் படியிறங்கி வந்தாள். தையல்காரி கைவேலையை ஓரமாக வைத்துவிட்டு, இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.