ஆறரை மணிக் கூட்டம்

எங்கள் சேவைச் சங்கத்துக்கு அந்த ஆண்டு தலைவராக இருந்தவர் விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைப் பட்டறை வைத்திருந்தார். நெடிய உருவம். எவ்வளவு கழுவினாலும் காதோரம் வெள்ளை மண் ஒட்டியிருக்கும். வீட்டில் அவர் ஒருவர்தான்.

கூட்டத்துக்குக் கார்டு போட்ட பிறகும் எல்லோருக்கும் போன் செய்வார். "சனிக்கெழம ஆறரைக்கு வந்துடுங்க" என்பார். அதோடு விடமாட்டார். "இன்னிக்கி வூட்ல என்ன கொழம்புங்க?" கண் சிகிச்சை முகாம், ரத்ததானம், வேப்பூர் பள்ளிக்கு நோட்டுப் புத்தகம் என்று எதற்குப் பேசினாலும் பேச்சு குழம்பில்தான் முடியும். எனக்கு எரிச்சலாக வரும்.

ஜூலையில் அடுத்த தலைவராக நான் வந்தேன். கார்டு மட்டும் போட்டேன். முதல் கூட்டத்துக்கு முந்தின நாள் மத்தியானம், சாப்பிட உட்கார்ந்ததும் போன் அடித்தது. அவர்தான்.

"கூட்டம் எத்தினி மணிக்குங்க?"

"எப்பவும் போல ஆறரைக்குத்தாங்க. கார்டு வரலீங்களா?"

"வந்துடுச்சுங்க. கையிலதான் இருக்குது."

சொன்ன பிறகும் அவர் போனை வைக்கவில்லை. நான், "இன்னிக்கி வூட்ல என்ன கொழம்புங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"வத்தக் கொழம்புங்க" என்று ஆரம்பித்தவர், புளி கரைத்ததிலிருந்து எண்ணெய் பிரிந்தது வரை சொல்லி முடித்தபோது, என் தட்டில் சோறு ஆறிப்போயிருந்தது.