அரப்பு தேய்த்த மார்கழி

அறுபதுகளின் கடைசியில் காரைக்குடியில் ஓர் ஆரம்பப் பள்ளியில் தற்காலிக டீச்சராக இருந்தேன். சாக்கோட்டையிலிருந்து தினமும் பஸ். அப்பா இல்லாத வீடு, என் சம்பளத்தில்தான் எனக்கும் அம்மாவுக்கும் உலை கொதித்தது.

பிறந்ததிலிருந்தே எனக்கு வறண்ட தோல். பனிக்காலம் வந்தால் புறங்கையும் கழுத்தும் செதில் செதிலாக உரியும். அரிக்கும், வெடிக்கும். புதிதாக எதைத் தடவினாலும் சிவந்து தடித்துவிடும். அதைப் பற்றிக் கருத்துச் சொல்லும் உரிமையை ஊருக்கு யார் கொடுத்தார்களோ தெரியவில்லை. பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவள்கூட ஒரு வைத்தியம் சொல்லிவிட்டுத்தான் இறங்குவாள்.

அந்த மார்கழியில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் கையைப் பிடித்து சிலேட்டில் எழுதப் பழக்கிக்கொண்டிருந்தேன். யாரோ ஒரு தாய் வந்து என் கையைப் பற்றிப் புகார் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். எங்கள் தலைமையாசிரியையை எல்லோரும் பெரிய டீச்சர் என்போம். அவர் என்னைக் கூப்பிட்டு, மேசையை நெருங்கவிடாமல் எட்டவே நிற்க வைத்தார்.

"சுத்தமாக் குளிக்கிறீகளா, இல்லையா? பொங்கல் லீவு முடிஞ்சு வரும்போது கை சரியா இருக்கணும். இல்லாட்டி வேற ஆளப் போட்டுக்கிறேன்."

சுத்தமாகவா! செவ்வாய், வெள்ளி தவறாமல் எண்ணெய் தேய்த்து, பிசுக்குப் போக அரப்பிலைத் தூள் போட்டுக் குளிக்கிறவள் நான். நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். வேலை போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டு வந்தேன். அந்தக் கோபம் முழுவதையும் என் தோலின் மேல் காட்டினேன். செவ்வாய், வெள்ளி என்று இருந்த அரப்பு அன்றாடமாயிற்று. தலைக்கு மட்டுமில்லை, உடம்புக்கும். கழுத்தில் தேய் தேய் என்று தேய்த்தேன். விரல் முட்டிகளில் ரத்தம் கசிந்தது.

கடைத்தெருவில் முகத்துக்குப் பூசும் ஸ்நோ க்ரீம் ஒன்று வாங்கினேன். ஒரு வாரத்துக் காய்கறிச் செலவு அந்தச் சின்னப் புட்டிக்குள் போயிற்று. அட்டையில் ஒருத்தி கன்னத்தைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். தடவிய கால் மணி நேரத்தில் என் கழுத்து மிளகாய் அரைத்துப் பூசியது போல் எரிந்தது. அதைக் கழுவவும் அரப்பைத்தான் போட்டேன்.

அம்மா குப்பைமேனி இலையையும் மஞ்சளையும் அரைத்துக்கொண்டு வந்தாள்.

"எரியுதும்மா!"

"எரிஞ்சாத்தான் கேக்கும். செத்த பொறுத்துக்க."

அம்மா மேல் அன்று வந்த கோபம் இன்னும் எனக்கு முழுதாக ஆறவில்லை. எரிந்தால்தான் கேட்கும் என்று சொல்கிற யாரும் அதைத் தங்கள் கழுத்தில் தடவிக்கொண்டு பார்த்ததில்லை.

கடைசியில் அரசாங்க ஆஸ்பத்திரி வரிசையில் போய் நின்றேன். அங்கே வயதான ஒரு நர்ஸம்மா, கேட்காமலே என் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். அந்த ஒரு மாதத்தில் முகம் சுளிக்காமல் என்னைத் தொட்ட முதல் வெளியாள் அவர்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இது ஒட்டுற வியாதியில்ல. தோலு காஞ்சு கெடக்கு, அம்புட்டுத்தான். என்னத்தப் போட்டுக் குளிக்கிறீக?"

"அரப்பு."

"ஒடம்புக்குமா? தெனமுமா?" தலையில் அடித்துக்கொண்டார். "எண்ணெச் சட்டியத் தேய்க்கிற மாதிரில்ல தேச்சிருக்கீக. இருக்கிற பசையையும் சொரண்டிட்டா தோலு என்ன செய்யும்? எல்லாத்தையும் நிறுத்துங்க. வீட்ல தேங்கா எண்ணெ இருக்குல்ல? குளிச்சுட்டு ஈரம் காயிறதுக்கு முன்னாடி தடவுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

பஸ்ஸில் திரும்பும்போது உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் சமையலறை மாடத்தில், கை எட்டும் உயரத்தில் இருந்த எண்ணெய்! முகத்தில் எண்ணெய் வழிய வேலைக்குப் போனால் பட்டிக்காடு என்பார்களே என்று பயந்து, அந்தப் பசையைத்தானே இத்தனை நாளும் சுரண்டி எறிந்தேன்? அழுக்கு என்று யாரோ சொன்னதை நம்பி என் தோலை நானே உரித்திருக்கிறேன். பெரிய டீச்சர் மேல் வந்ததை விட என் மேல்தான் எனக்கு அதிக ஆத்திரம்.

பொங்கல் முடிவதற்குள் வெடிப்புகள் மூடிக்கொண்டன. செதில் போயிற்று. பள்ளி திறந்த அன்று பெரிய டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன டீச்சர், எண்ணெ வழியுது? மொகத்தக் கழுவிட்டு வரக் கூடாதா?"

"கழுவிக் கழுவித்தான் புண்ணாச்சு. இனிமே எண்ணெயோடதான் வருவேன். கை சரியா இருக்கணும்னு சொன்னீகளே, தொட்டுப் பாருங்க."

கையை மேசைக்கு மேல் நீட்டினேன். அவர் தொடவில்லை. பக்கத்தில் கிடந்த அடிக்கோலை எடுத்து, அதன் நுனியால் வருகைப் பதிவேட்டை என் பக்கம் தள்ளினார்.

என் பெயருக்கு நேராகக் கையெழுத்துப் போட்டேன். கையை எடுத்தபோது தாளில் எண்ணெய் பதிந்திருந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டு வகுப்புக்குப் போனேன்.