ரோட்டோர வயல்

எண்பதுகளின் நடுவில் தாம்பரத்தில் ஓர் உரக்கடையில் வேலை பார்த்தேன். தாவரவியல் படித்தவன் என்பதால் முதலாளி என்னை மூட்டை தூக்கவிடாமல் வயலுக்கு அனுப்பினார். சைக்கிளில் சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம் என்று சுற்றுவேன். பாதி ஊர் அப்போதே காலனியாகியிருந்தது. மீதி ஊரில் ஏரித் தண்ணீரில் நெல் விளைந்தது. என்னைவிட மூத்தவர்களெல்லாம் என்னை சார் என்றார்கள். அது தலைக்கு ஏறாமல் இருக்க நான் என்ன மகானா?

முதலாளியிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு சம்பாவுக்கும் ரோட்டோரமாக ஒரு வயலைத் தேர்ந்தெடுத்து, அதற்கு உரத்தைக் கடையே கொடுக்கும். வரப்பில் கடைப் பெயர் எழுதிய தகரப் பலகை நிற்கும். பயிர் கருகருவென்று இருந்தால் பஸ்ஸில் போகிற விவசாயிகள் பார்த்துவிட்டுக் கடைக்கு வருவார்கள். அப்படி ஒரு வயலைப் பிடித்துத் தருவது என் வேலை.

அந்த வருஷம் கேம்ப் ரோட்டை ஒட்டி ஓர் ஏக்கர் பிடித்தேன். கணவனை இழந்த ஓர் அக்கா அதைத் தனியாகப் பயிர் செய்துவந்தார். கோடையில் வயலில் ஆட்டுக் கிடை போடுவார். நடவுக்கு முன்னால் வேப்பம் புண்ணாக்கு. அவ்வளவுதான் அவருடைய உரம். இலவச யூரியா என்றதும் யோசித்தார். பிறகு, தன் நிலைமையைச் சொன்னார்.

"மச்சினன் நெலத்த பிளாட் போடணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான் சார். இந்த சம்பா நல்லா வெளஞ்சா வுட்டுர்றேன்னு சொல்லிக்கீறான். வெளயலன்னா கல்லு நட்ருவான்."

"விளையாம எங்கே போகும்? நான் இருக்கேன்ல" என்றேன். அதைச் சொன்ன வாயை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

முதல் முறை அளவாகத்தான் போடச் சொன்னேன். பயிர் தெளிந்து தூர்கட்டியது. ஆனால் நிறம் எனக்குப் போதவில்லை. ஒருநாள் வேண்டுமென்றே பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தேன். பக்கத்து வயல்களோடு கலந்து, எங்கள் வயல் எது என்றே தெரியாமல் போயிற்று. இறங்கி நேராக வரப்புக்குப் போனேன்.

"போதும் சார், பயிரு நல்லாத்தானே கீது?" என்றார் அக்கா.

"இன்னும் ஒரு கை போட்டா சும்மா கருகருன்னு நிக்கும்கா."

யூரியா மிஞ்சினால் பயிர் கொழுத்துப் பூச்சியைக் கூப்பிடும் என்பது எனக்குத் தெரியும். பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், சார் சொன்னால் சரி என்று போட்டார்.

பத்தே நாளில் வயல் ரோட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது. கண்டக்டர்கூட விசாரித்தாராம். கடையில் கூட்டம், முதலாளி எனக்குக் காபி வாங்கிக் கொடுத்தார். கார்த்திகையில் புகையான் வந்தது. தூரில் கை வைத்தால் பழுப்பாகப் பொடிப்பொடிப் பூச்சிகள் எழும்பின.

கடையிலிருந்து மருந்து கொண்டுபோய் அடித்தோம். மறுநாள் வாய்க்காலில் தவளைகள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. பயிருக்கு நடுவே பனியில் மின்னும் சிலந்தி வலைகளைக் காணோம். கொக்குகள் வந்து நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டன. புகையானைத் தின்பதே அந்தச் சிலந்திகள்தான். அதுவும் நான் படித்ததுதான். அவை ஒழிந்த பிறகு பூச்சி முன்னைவிட அதிகமாக வந்தது. மறுபடியும் மருந்தடித்தோம். வயலில் பயிர் வட்டம் வட்டமாகத் தீய்ந்து, வட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்தன. மிச்சம் நின்ற கொழுத்த பயிரை மழை படுக்க வைத்தது. இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை.

மூன்றாம் நாள் முதலாளி, "காஞ்ச வயல்ல நம்ம பேர் எதுக்கு? பலகையைப் பிடுங்கிட்டு வா" என்றார்.

நான் பலகையை ஆட்டி ஆட்டிப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது அக்கா வந்தார். "இரு சார், ஆணி குத்திடப் போவுது" என்று மறுபக்கம் பிடித்துக்கொண்டார். பிறகு, மீந்திருந்த அரை மூட்டை யூரியாவைத் தூக்கிவந்து என் கேரியரில் வைத்தார்.

"இத்தையும் எடுத்துனு போ. நாளிக்கு கல்லு நட ஆளுங்க வர்றாங்க."

மன்னிச்சிருங்கக்கா என்று சொல்ல நினைத்தேன். மூட்டையைக் கேரியரோடு சேர்த்துக் கட்டினேன்.

"வேற எங்கனா வயல் புடிப்பியா சார்?" என்று கேட்டார்.

"பிடிக்கணும்கா. வேலையாச்சே."

"ரோட்டாண்ட வாணாம் சார். உள்ளார பாரு. பஸ்ல போறவன் கண்ணுல படாத எடமா இருந்தா, போதும்னு சொன்னா நீயும் வுட்டுடுவே."

கோபமாகச் சொல்லவில்லை. களை எடுக்க வந்தவளிடம் வேலை சொல்வது போலத்தான் சொன்னார். நான் தலையாட்டிவிட்டு சைக்கிளை மிதித்தேன்.

அடுத்த சம்பாவுக்கு, ரோட்டிலிருந்து தள்ளி ஒரு வயலை முதலாளியிடம் சொல்லிப் பார்த்தேன். அங்கே பலகை யாருக்கு, காக்கைக்கா என்றார். மாடம்பாக்கம் போகிற வழியில் ரோட்டோரமாகவே ஒன்றைப் பிடித்துக் கொடுத்தேன். அந்த வயல்காரர் பெரியவர், சாது. இரண்டாவது உரம் போடும்போது கூடையோடு நின்று, "போதுமா சார்?" என்று கேட்டார்.

பின்னால் பஸ் ஒன்று வந்துகொண்டிருந்தது. "இன்னும் ஒரு கை" என்றேன்.